பாயிண்ட் டூ டூ பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பிஸ்டல் சுடுதலைக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும், பள்ளி, கல்லூரிகளின் என்.சி.சி., உடற்கல்விப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ரிம்ஃபயர் தோட்டாவில் மருந்தைப் பற்றவைக்கும் பொருள் பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு மடிப்புக்குள் அடைக்கப்பட்டிருக்கும். பிஸ்டலின் ஊசி அந்த விளிம்பை நசுக்குகிறது, பொறி பிறக்கிறது, மருந்து எரிந்து குண்டு கிளம்புகிறது. ஒருமுறை சுட்ட கூட்டை மறுபடி நிரப்ப முடியாது. இந்த இனத்தில் உலகமெங்கும் நிலைத்துவிட்டது .22 லாங் ரைபிள் என்ற தோட்டா. சுடுவோர் பேச்சில் அது பாயிண்ட் டூ டூ. அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1880-களில் அதைக் கொண்டுவந்தது. பெயரில் ரைபிள் இருந்தாலும் பிஸ்டலுக்கும் அதே தோட்டாதான். ஈயக் குண்டின் எடை ஏறத்தாழ 2.6 கிராம், குறுக்களவு 5.6 மில்லிமீட்டர். போட்டிக்கான ரகங்கள் ஒலியின் வேகத்துக்குக் கீழேயே பறக்கும்படி செய்யப்படுகின்றன.

என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்து .22 ரைபிள் சுட்ட மாணவர்களுக்கு இந்தத் தோட்டா புதிதல்ல. பிஸ்டலில் அதன் குணம் வேறு. தோளில் சாய்க்க மரக்கட்டை இல்லை, படுக்க மணல் மூட்டை இல்லை. ஒற்றைக் கையை நீட்டி, நின்றபடி சுட வேண்டும். குழலும் குட்டை. உதைப்பு மிகக் குறைவு என்பதால் சுடுபவரின் தவறு எதுவும் அதில் ஒளிந்துகொள்ள முடியாது: விசையை வெடுக்கென்று இழுத்ததும், மணிக்கட்டு தளர்ந்ததும் அட்டையில் அப்படியே தெரியும். கற்பதற்கு .22 தோட்டாவைப் போல நல்ல ஆசிரியர் இல்லை என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான்.

இந்தப் பிஸ்டலுக்கு மேல்நாடுகளில் இரண்டு பயன்கள் உண்டு. ஒன்று, வளையம் போட்ட அட்டையைக் குறிவைத்து மதிப்பெண்ணுக்காகச் சுடுவது. மற்றொன்று, தகர டப்பாவையும் காலி பாட்டிலையும் அடுக்கி வைத்துப் பொழுதுபோக்காகச் சுடுவது. இரண்டாவது ஆசைக்கு நம் ஊரிலும் ஒரு வடிவம் உண்டு. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன், கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் போன்ற கோயில்களின் திருவிழாக் கூட்டத்தில் பலூன் சுடும் பலகைக்கு முன்னால் நின்ற எவருக்கும் அந்த மகிழ்ச்சி தெரியும். அதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் பலூன் கடையில் இருப்பது காற்றுத் துப்பாக்கி. .22 பிஸ்டல் உயிரைக் குடிக்கக்கூடிய ஆயுதம். அதன் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும்.

ஆகவே எந்தப் பிஸ்டல் என்ற கேள்விக்கு முன்னால் எங்கே சுடுவது என்ற கேள்வி வருகிறது. இந்த இரு மாவட்டங்களுக்கு அது ஏட்டுக் கேள்வி அல்ல. பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் காவலர்கள் பயிற்சி பெறும் துப்பாக்கிச் சுடும் தளம் இருக்கிறது. 2022 ஜனவரியில் அதன் அருகே உள்ள ஈச்சங்காட்டில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்துக்கொண்டு குண்டு ஒன்று விழுந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2021 டிசம்பர் 30 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பகுதியில் அங்கிருந்த சுடும் தளத்திலிருந்து தப்பி வந்த குண்டு தலையில் பாய்ந்து, 11 வயதுச் சிறுவன் ஒருவன் சில நாட்களில் உயிரிழந்தான். அங்கெல்லாம் சுடப்படுபவை படையினரின் பெரிய தோட்டாக்கள்தான். ஆனாலும் பயிற்சி பெற்றவர்கள், அதற்கென ஒதுக்கிய தளத்தில் சுடும்போதே இப்படி நேர முடிகிறது என்றால், ஒரு தனி ஆள் முந்திரித் தோப்பிலோ கைவிட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ டப்பா அடுக்கிச் சுடுவதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

அரியலூரின் சுண்ணாம்புக்கல் பள்ளங்கள் பார்வைக்கு இயற்கையான அரண் போலத் தோன்றும். உண்மையில் அவை மோசமான இடங்கள். கடினமான பாறையில் பட்ட ஈயக் குண்டு தட்டையாகி, எதிர்பாராத கோணத்தில் தெறித்துத் திரும்பும். தண்ணீர் தேங்கிய பள்ளமென்றால் நீர்ப்பரப்பில் தவளைக்கல் போலத் தத்திச் செல்லும். மண்ணை உயரமாகக் குவித்து, கல் பொறுக்கிய மேடு ஒன்றே குண்டை விழுங்கும். ஏரிக்கரைகளும் சுடுவதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி பறவைகள் சரணாலயத்தின் பக்கம் துப்பாக்கியோடு நடமாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கைக்குள் தானே போய் விழுவது. மயிலும் காட்டுப்பன்றியும் பயிரை மேய்வதில் உழவர்களுக்கு இருக்கும் வேதனை உண்மையானது. அதற்கான மருந்து விளையாட்டுக்கு வாங்கிய பிஸ்டல் அல்ல.

சட்டமும் இதையே சொல்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் பிஸ்டலுக்கு உரிமம் கட்டாயம். விளையாட்டுக்கென வாங்கிய உரிமம் தளத்தில் சுடுவதற்கானது. வீட்டுக் கொல்லைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் அது செல்லாது. பொறுப்பின்றியோ கொண்டாட்டத்துக்காகவோ சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் தனியாகவே எழுதி வைத்திருக்கிறது.

பொழுதுபோக்காகச் சுடும் ஆசைக்கு ஒழுங்கான வழி ஒன்று மீதமிருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் குறுக்களவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றைக் கொடுத்துக் கடையில் வாங்கலாம். பெல்லட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பெட்டி, அதன் பின்னால் முழுச் சுவர், பக்கவாட்டில் கதவோ சன்னலோ இல்லாத நீளமான அறை, கண்ணுக்குக் கண்ணாடி: இவை இருந்தால் 10 மீட்டர் பயிற்சி வீட்டிலேயே நடக்கும். பறவை மீதோ நாய் மீதோ சுட்டால் காற்றுத் துப்பாக்கியும் குற்றக் கருவியாகிவிடும் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

.22 சுடுவதற்கு இரு மாவட்டத்தாருக்கும் வசதியான இடம் திருச்சி. திருச்சி ரைபிள் கிளப் தளத்தில் 2022 ஜூலையில் 47-ஆவது தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கிச் சுடுதல் போட்டி நடந்தது. நடிகர் அஜித்குமார் அதில் பிஸ்டல் பிரிவுகளில் கலந்துகொண்டதால் செய்தி ஊரெங்கும் பரவியது. அவர் சுட்ட பிரிவுகளில் ஸ்டாண்டர்டு பிஸ்டலும் 50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டலும் உண்டு, இரண்டும் .22 பிரிவுகள். திரைப்படத் துப்பாக்கிக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள தூரத்தை அன்று பலர் முதன்முறையாகப் பார்த்தார்கள். பெரம்பலூரிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் ஒன்றே கால் மணி நேரத்துக்குள் திருச்சி. வாரம் ஒருமுறை போய்வர இயலாத குடும்பம் .22 பிஸ்டல் வாங்குவதில் பொருளில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்தவர், சொந்த உரிமம் இல்லாமலேயே, பயிற்சியாளர் முன்னிலையில் கிளப்பின் துப்பாக்கியைத் தளத்தில் சுட முடியும். சொந்த உரிமத்துக்கு வயது 21 நிறைந்திருக்க வேண்டும். 12 வயது முதல் 21 வயது வரை உள்ளவர்களை இளம் குறிசுடுவோர் என்று 2016 ஆயுத விதிகள் வகுத்து, மேற்பார்வையோடு பயிற்சி பெற வழி செய்திருக்கின்றன. முதல் ஆண்டை ஏர் பிஸ்டலுக்கும், அடுத்த ஆண்டைக் கிளப்பின் .22 பிஸ்டலுக்கும் கொடுத்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் உரிம விண்ணப்பத்தைத் தொடுவதே சரியான வரிசை. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்குப் போகிறது. காவல்துறை விசாரணை நடக்கிறது. பாதுகாப்புப் பயிற்சிச் சான்று கேட்கப்படுகிறது. கிளப்பின் பயிற்சிப் பதிவும் மாநிலப் போட்டியின் மதிப்பெண் சான்றும் இணைந்த விண்ணப்பத்துக்குக் காரணம் தெளிவாக இருக்கும். 2019-க்குப் பிறகு சாதாரண உரிமதாரர் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். விளையாட்டு வீரர்களுக்கு 2020-இல் மத்திய அரசு சலுகைகளை விரித்தது: .22 பயிற்சித் தோட்டாவின் ஆண்டு அளவு 1,000 என்றிருந்ததை 5,000 ஆக்கியது.

இனிப் பிஸ்டல். தேர்வைத் தீர்மானிப்பது சுடப்போகும் பிரிவு. பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் ஒலிம்பிக் பிரிவு: 60 குண்டு, அதில் 30 நிதானமாக, 30 வேகமாக. வேகப் பகுதியில் அட்டை மூன்று நொடி முகம் காட்டும். அதற்குள் கையைத் தூக்கி ஒரே குண்டு. ஆண்களுக்கான ஒலிம்பிக் பிரிவு 25 மீட்டர் ரேபிட் ஃபயர்: வரிசையாக ஐந்து அட்டை, ஐந்து குண்டு, அவகாசம் முதலில் 8 நொடி, பிறகு 6, பிறகு 4. ஸ்டாண்டர்டு பிஸ்டலில் ஐந்து குண்டுக்கு 150 நொடி, 20 நொடி, 10 நொடி என்று நேரம் சுருங்கிக்கொண்டே வரும். லண்டன் 2012-இல் விஜய்குமார் வென்ற வெள்ளி ரேபிட் ஃபயரில். 2018 ஆசிய விளையாட்டில் ராஹி சர்னோபத் வென்ற தங்கமும், பாரிஸ் 2024-இல் மனு பாக்கர் நான்காம் இடம் பிடித்ததும் 25 மீட்டர் பிஸ்டலில்.

இந்த மூன்று பிரிவுகளுக்கும் அரைத் தானியங்கி .22 பிஸ்டல் ஒன்றே போதும் என்பது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல். 50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டல் மட்டும் தனி இனம்: ஒரு குண்டு அடைத்து ஒரு குண்டு சுடுவது, கையை முழுதாகப் போர்த்தும் மரப்பிடி, தொட்டாலே விழும் விசை. ரியோ 2016-க்குப் பிறகு அது ஒலிம்பிக்கில் இல்லை. முதல் பிஸ்டலாக அதை வாங்க வேண்டாம்.

25 மீட்டர் பிரிவுகளுக்குச் சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம் வைத்திருக்கும் அளவுகள் மனப்பாடமாக இருக்க வேண்டியவை. பிஸ்டலின் எடை 1,400 கிராமுக்கு மிகக் கூடாது. விசையின் இழுப்பு 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது. குழல் நீளம் 153 மில்லிமீட்டருக்குள், முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி 220 மில்லிமீட்டருக்குள். முழுப் பிஸ்டலும் 300 × 150 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். லென்ஸோ சிவப்புப் புள்ளிக் கருவியோ கூடாது. அழகாக இருக்கிறதே என்று 7 அங்குலக் குழல் கொண்ட பிஸ்டலை வாங்கியவர், போட்டி நாளில் பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பப்படுவார்.

அளவுக்குள் வரும் பிஸ்டல்களில் எது நல்லது என்பதற்கு விடை கையில் இருக்கிறது, அட்டவணையில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைப் பிடித்துக் கையை நீட்ட வேண்டும். கண் திறக்கும்போது முன்சைட் பின்சைட்டின் பள்ளத்துக்கு நடுவே நிற்க வேண்டும். இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்திருந்தால் கைப்பிடி பொருந்தவில்லை. பத்து முறை செய்தும் பத்து முறையும் நேராக நிற்கிற பிஸ்டலே அந்தக் கைக்குரியது. போட்டிப் பிஸ்டல்களின் வால்நட் மரப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவுகளில் வரும், இடக்கைக்குத் தனி. சற்றுப் பெரிதாக வாங்கி அரம் போட்டுக் குறைக்கலாம், மரமாவு பூசிச் சில இடங்களை நிரப்பலாம். சோவியத் நாட்டின் புகழ்பெற்ற .22 போட்டிப் பிஸ்டலை வடிவமைத்த மிகைல் மார்கோலின் கண்பார்வை இழந்தவர். விரல்களால் தடவியே அதை உருவாக்கினார். ஹங்கேரியின் கரோலி தகாச் 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலக்கையைப் பறிகொடுத்து, இடக்கையால் கற்று 1948-இலும் 1952-இலும் ரேபிட் ஃபயர் ஒலிம்பிக் தங்கம் வென்றார். கைப்பிடிக்குச் செலவிடும் பொழுது வீணாவதில்லை.

அடுத்தது விசை. ஆயிரம் கிராம் என்பது எல்லாப் பிஸ்டலுக்கும் பொது. அந்த ஆயிரம் எப்படி விழுகிறது என்பதில்தான் வேறுபாடு. நல்ல விசை இரண்டு கட்டமாக நகரும்: முதலில் மெத்தென்று பின்வாங்கி ஓரிடத்தில் நிற்கும், அங்கிருந்து சற்று அழுத்தம் கூட்டினால் கண்ணாடிச் சில்லு முறிவது போலச் சுத்தமாக விடுபடும். இழுவை, கரகரப்பு, விடுபட்ட பின்னும் விரல் ஓடுவது எல்லாம் குறைகள். விலை குறைந்த பொழுதுபோக்குப் பிஸ்டலுக்கும் போட்டிப் பிஸ்டலுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும் பங்கு இங்கேதான். குழலின் துல்லியம் அவ்வளவாக வேறுபடுவதில்லை. 25 மீட்டரில் நிதானப் பகுதி அட்டையின் பத்து வளையம் 5 சென்டிமீட்டர் அகலம். தாங்கியில் பூட்டிச் சுட்டால் சாதாரணப் பிஸ்டலும் அதற்குள் குண்டைப் போட்டுவிடும். கையால் சுடும்போது பத்தை எட்டாக்குவது விசை.

எடை, சமநிலை பற்றிச் சுருக்கமாக: நிதானச் சுடுதலுக்கு முன்பாரம் நல்லது, ரேபிட் ஃபயரில் கை விரைந்து நகர வேண்டியிருப்பதால் முன்பாரம் குறைவு நல்லது. 15 வயதுப் பிள்ளைக்கு 1,300 கிராம் அதிகம். 60 குண்டின் கடைசி இருபதில் தோள் சொல்லிவிடும்.

பெயர்களில் சில. ஜெர்மனியின் வால்தர் ஜிஎஸ்பி 1968 முதல் இருப்பது. மேகசின் விசைக்கு முன்னால் அமைந்ததால் கைப்பிடி முழுவதும் கைக்கே விடப்பட்டது. இத்தாலியின் பர்தினி எஸ்பி, சுவிட்சர்லாந்தின் மொரீனி, ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் ஏடபிள்யூ93 ஆகியவை உலகப் போட்டிகளில் காணப்படுபவை. ஹெம்மர்லி 208 பழையது. பராமரித்த பிரதி கிடைத்தால் இன்றும் மதிப்பெண் தரும். அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 1949-இல் தொடங்கிய அரைத் தானியங்கி .22 பிஸ்டலின் வழிவந்தவை, பிரௌனிங் பக் மார்க் ஆகியவை உறுதியானவை, எளியவை. அவர்கள் நாட்டில் டப்பா சுடவும் உள்ளூர்ப் போட்டிக்கும் அவையே அதிகம். நம் படைக்கலத் தொழிற்சாலைகளில் உருவான நிடார் .22 ரிவால்வர் தற்காப்புக்கான குட்டைக் குழல் கருவி. 25 மீட்டர் அட்டைக்கு அது பொருந்தாது. விலை குறைவு, உள்நாட்டுப் பொருள் என்ற காரணத்தால் அதை விளையாட்டுக்கு வாங்குவது தவறான சிக்கனம்.

இந்தியாவில் இவற்றைக் கடைக்குப் போய்ப் புதிதாக எடுக்க முடியாது என்பதும் உண்மை. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியாள் இறக்குமதி செய்வது 1980-களில் நின்றுபோனது. தேசிய அளவில் குறித்த மதிப்பெண்ணை எட்டி, 1951-இல் தொடங்கிய இந்தியத் தேசிய ரைபிள் சங்கத்திடம் தகுதிச் சான்று பெற்ற சுடுவோருக்கே இறக்குமதி வழி திறந்திருக்கிறது. மற்றவர் கைக்கு வருபவை, அப்படி வந்து விதிப்படி கைமாறும் பழைய பிஸ்டல்கள். எனவே பழையதைச் சோதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெளிப்பூச்சு தேய்ந்திருந்தால் கவலையில்லை. குழலின் உட்புறத்தை வெளிச்சம் பிடித்துப் பார்த்து வளையமான புடைப்பு இருந்தால் விட்டுவிட வேண்டும். குழலில் சிக்கிய குண்டின் மேல் இன்னொன்று சுடப்பட்டதன் வடு அது. தோட்டா அமரும் அறையின் வாய் விளிம்பில் ஊசி குத்திய பள்ளம் தெரிந்தால் தோட்டா இல்லாமல் பலமுறை விசை இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். ரிம்ஃபயரில் வெற்று இழுப்பு அந்த இடத்தைச் சிதைக்கும். வெற்றுப் பயிற்சிக்கென்றே தனி அமைப்பு உள்ள பிஸ்டல் சிறந்தது. மேகசின் எத்தனை, கூடுதலாகக் கிடைக்குமா, ஊசியும் சுருளும் இந்தியாவில் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி நிமிடங்களை விழுங்கியது நினைவிருக்கலாம். கருவியின் முதல் குணம் பழுதாகாமல் ஓடுவது. கடைசியாக, உரிமத்தில் உள்ள எண்ணும் பிஸ்டலின் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

தோட்டாவில் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு விருப்பம் உண்டு. கேஎஃப் முத்திரையுள்ள உள்நாட்டுத் தோட்டா பயிற்சிக்கு எளிதாகக் கிடைப்பது. எலே, எஸ்கே, ஆர்டபிள்யூஎஸ், லாபுவா ஆகியவை போட்டிக்கானவை. ரகத்துக்கு ஐம்பது வாங்கி, மேசையில் கையைத் தாங்கி, ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்து, சிக்காமல் ஓடியதையும் நெருக்கமாக விழுந்ததையும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் மோதினால் சிக்காததே மேல். அதிவேகத் தோட்டாவைப் போட்டிப் பிஸ்டலில் போடக் கூடாது. ஸ்லைடும் சுருளும் அதற்காகச் செய்யப்படவில்லை.

.22 குண்டில் மெழுகு பூசியிருக்கும். அந்த மெழுகும் கரியும் அரியலூரின் சுண்ணாம்புத் தூசியும் சேர்ந்தால் ஸ்லைடின் தடத்தில் பசையாகப் படியும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அறை வாயிலையும் ஸ்லைடின் முகத்தையும் துடைத்தால் போதும். குழலுக்குள் கம்பி பிரஷை அடிக்கடி விடுவது கெடுதல். ஐப்பசி, கார்த்திகை மழையில் உறைக்குள் வைக்காமல், மெல்லிய எண்ணெய் தடவி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு பெட்டியில் வைக்க வேண்டும். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. ஈயம் உடலில் சேர்வது மெதுவாக, பிள்ளைகளுக்கு அதன் கேடு அதிகம். .22-இன் சத்தம் சிறிதென்று எண்ணிக் காதடைப்பான் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. பிஸ்டலில் அது 140 டெசிபெல்லைத் தாண்டும். போன செவித்திறன் திரும்பாது.

வீட்டிலும் வழியிலும் வைக்கும் முறைக்கு விலக்கே கிடையாது. பிஸ்டல் காலியாக, அறைக்குள் வண்ணக் கொடி செருகி, பூட்டிய பெட்டியில், மேகசின் தனியே, தோட்டா வேறொரு பூட்டில். உரிமத்தின் மூலம் கூடவே இருக்க வேண்டும், அது செல்லும் எல்லை எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டியில் இருப்பவர் சங்கச் சான்றோடு விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், கிடைக்கும்வரை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டியின் சாவி உரிமதாரர் ஒருவரிடம் மட்டும் இருக்கும். அவர் ஊரில் இல்லாத நாளில் அந்தப் பெட்டி திறக்கப்படாது.